மண்ணுக்குள் கரிமம் எப்படித் தங்குகிறது? மண் ஆய்வாளரிடம் வாசகர் கேள்விகள்

மண்ணின் உயிர்ப்புவி வேதியியலில் நெடுங்காலமாக ஆய்வு செய்துவரும் அறிவியலாளர் ஒருவரிடம் கேட்பதற்காக வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு அவர் எழுதிய பதில்கள் இங்கே இடம்பெறுகின்றன.

மண் பரிசோதனை நிலையத்தில் செய்வதும் நீங்கள் செய்வதும் ஒன்றுதானா? உயிர்ப்புவி வேதியியல் என்று தனியாக ஒரு துறை எதற்கு?
– இளநிலை வேதியியல் மாணவி

மண் பரிசோதனை நிலையம் ஒரு நிலத்து மண்ணை வாங்கி, பயிருக்கு இன்றைக்குக் கிடைக்கக்கூடிய தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து எவ்வளவு, கார அமில நிலை என்ன, உப்பு எவ்வளவு என்று பார்த்து உரப் பரிந்துரை தருகிறது. மிகவும் தேவையான வேலை அது. எங்கள் கேள்விகள் அதற்கு முன்னும் பின்னும் நீள்பவை. அந்தத் தழைச்சத்து எங்கிருந்து வந்தது, எந்த நுண்ணுயிர் அதை எந்த வடிவத்திலிருந்து எந்த வடிவத்துக்கு மாற்றியது, எவ்வளவு காலமாக அது அங்கே இருக்கிறது, இனி நீரோடு இறங்குமா, வாயுவாகக் காற்றில் கலக்குமா என்பதையெல்லாம் தொடர்ந்து பார்ப்பதே எங்கள் வேலை. இதில் உயிரும் பாறையும் வேதிவினையும் ஒன்றையொன்று விட்டுப் பிரிவதில்லை. ஆகவேதான் துறையின் பெயரிலும் மூன்றும் இருக்கின்றன.

ரஷ்யாவின் கரிசல் நிலங்களை ஆராய்ந்த வசீலி டொகுச்சாயெவ், மண் என்பது பாறை உதிர்ந்த தூள் மட்டுமல்ல, தனக்கென்று தோற்றமும் வளர்ச்சியும் உள்ள ஓர் இயற்கைப் பொருள் என்று 1883-இல் எடுத்துரைத்தார். அவருடைய மாணவர் விளாதிமிர் வெர்னாட்ஸ்கி அந்தப் பார்வையைப் புவி முழுவதற்கும் விரித்து இத்துறைக்கு அடித்தளம் இட்டார். தட்பவெப்பம், உயிரினங்கள், நில அமைப்பு, மூலப்பாறை, காலம் ஆகிய ஐந்தும் சேர்ந்து மண்ணை உருவாக்குகின்றன என்று 1941-இல் ஹான்ஸ் யென்னி வகுத்த சட்டகத்தை இன்றும் நாங்கள் பயன்படுத்துகிறோம். ஓர் ஆய்வுக்கு நிலம் தேர்ந்தெடுக்கும்போது இந்த ஐந்தில் நான்கை ஒரே மாதிரி வைத்துக்கொண்டு ஒன்றை மட்டும் மாறவிடுவதற்குத்தான் பாடுபடுகிறோம். அப்படிப்பட்ட நிலம் கிடைத்துவிட்டால் ஆய்வில் பாதி முடிந்த மாதிரி.

நானும் உங்களைப் போல வேதியியல் வழியாக வந்தவன்தான். கரைசல்களோடு பழகிய எனக்கு, ஒரு மீட்டர் ஆழக் குழியில் இறங்கி நின்று, மேலே கருத்தும் கீழே போகப்போகச் சிவந்தும் இருக்கும் மண்ணடுக்குகளைக் கத்தியால் கீறிப் பார்த்தபோது, இந்த நிறமாற்றம் ஒவ்வொன்றும் ஒரு வேதிவினையின் பதிவு என்பது விளங்கியது. உங்கள் வேதியியல் இங்கே வீணாகப் போகாது.

இலையும் தழையும் மட்கி, மேற்கொண்டு சிதையாத கரும்பொருளாக மாறி மண்ணில் நிலைக்கின்றன என்று நாங்கள் படித்தோம். இப்போது அது தவறு என்கிறார்களே, உண்மையா?
– மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்

என் ஆய்வு வாழ்க்கையில் நான் கண்ட மிகப் பெரிய கருத்து மாற்றம் இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

பழைய விளக்கம் எளிதில் மறுக்கக்கூடியதாக இருக்கவில்லை. 1786-இல் ஃபிரான்ஸ் கார்ல் ஆக்கார்ட் என்ற வேதியியலாளர் சதுப்பு நிலத்துப் பீட் மண்ணைக் காரக் கரைசலில் இட்டுக் கரும்பழுப்பு நிறப் பொருளொன்றைப் பிரித்தெடுத்தார். அதன்பின் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக, காரத்தில் கரையும் அந்தப் பொருளே மண்ணில் நிலைத்து நிற்கும் மட்கு என்றும், சிறிய மூலக்கூறுகள் ஒன்றுசேர்ந்து நுண்ணுயிரால் தின்ன முடியாத பெரிய, சிக்கலான மூலக்கூறுகளாக மாறுகின்றன என்றும் பாடநூல்கள் சொல்லிவந்தன. ஆனால் அந்தக் காரக் கரைசல் இயல்பான மண்ணில் எங்கும் காணாத அளவுக்கு வீரியமானது. அது மண்ணில் உள்ளதை அப்படியே எடுத்துத் தருகிறதா, எடுக்கும்போதே மாற்றிவிடுகிறதா என்ற ஐயம் எப்போதும் இருந்தது. மண்ணைக் கலைக்காமலே நுண்ணிய அளவில் நோக்கும் எக்ஸ் கதிர் முறைகள் வந்தபிறகு பார்த்தால், அந்தப் பெரிய மூலக்கூறுகளை மண்ணுக்குள் காண முடியவில்லை. அங்கே இருந்தவை சிதைவின் வெவ்வேறு படிகளில் உள்ள தாவரத் துணுக்குகள், நுண்ணுயிர்களின் உடல் எச்சங்கள், கனிமத் துகள்களின் மேல் ஒட்டிய சிறிய மூலக்கூறுகள் ஆகியவையே.

இன்னொரு புறம் வயதுக் கணக்கும் பழைய விளக்கத்துக்கு ஒத்துவரவில்லை. மரத்தின் உறுதிக்குக் காரணமான லிக்னின் எளிதில் சிதையாது என்பதால் அதுதான் மண்ணில் நெடுங்காலம் இருக்கும் என்று எதிர்பார்த்தோம். அளந்து பார்த்தபோது லிக்னின் பல மண்களில் மொத்தக் கரிமத்தை (கார்பனை) விட வேகமாகவே மறைந்தது. எளிதில் சிதையக்கூடிய சர்க்கரைகளும் புரதங்களும் பல பத்தாண்டுகள் வரை நீடித்தன. 2011-இல் மைக்கேல் ஷ்மிட்டும் அவருடன் பல நாட்டு ஆய்வாளர்களும் ‘நேச்சர்’ இதழில் இவற்றையெல்லாம் தொகுத்து, கரிமம் நிலைப்பது அதன் மூலக்கூறு அமைப்பால் மட்டும் தீர்மானிக்கப்படுவதில்லை, அது இருக்கும் சூழலே அதைத் தீர்மானிக்கிறது என்று எழுதினர். 2015-இல் யோஹன்னஸ் லேமனும் மார்கஸ் கிளெபரும் அதே இதழில் பழைய மட்குக் கொள்கையை நேரடியாகவே மறுத்தனர்.

ஆய்வகத்தில் இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு. சோடியம் பாலிடங்ஸ்டேட் என்ற உப்பைக் கரைத்து, நீரைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல் அடர்த்தியான கரைசல் ஒன்றைத் தயாரித்து, சலித்த மண்ணை அதில் இட்டுச் சுழற்றுவோம். குழாயை வெளியே எடுத்தால் மேலே வேர்த் துணுக்குகளும் இலை நரம்புகளும் கரித்தூளும் மிதக்கும். நடுவே தெளிந்த திரவம் நிற்கும். அடியில் களிமண்ணும் இரும்பு ஆக்சைடும் சேர்ந்த செம்பழுப்புப் படிவு இறுகியிருக்கும். மேலே மிதப்பதன் வயது பெரும்பாலும் சில ஆண்டுகளிலிருந்து சில பத்தாண்டுகள். அடியில் படிந்ததில் உள்ள கரிமத்தின் சராசரி வயது நூற்றாண்டுகளாகவும், ஆழ் அடுக்குகளில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகவும் இருக்கக்கூடும். இந்த வயதைச் சொல்வது 5,730 ஆண்டு அரைவாழ்வுக் காலம் கொண்ட கதிரியக்கக் கரிமம். 1950-களிலும் 1960-களின் தொடக்கத்திலும் வளிமண்டலத்தில் நடத்தப்பட்ட அணுகுண்டுச் சோதனைகளால் வட அரைக்கோளக் காற்றில் இந்தக் கரிமம் ஏறத்தாழ இரு மடங்கானது. 1963-இல் ஏற்பட்ட தடை ஒப்பந்தத்துக்குப் பிறகு படிப்படியாகக் குறைந்தது. பேரழிவுக்கென்று செய்த சோதனைகள் விட்டுச்சென்ற அந்தத் தடயம், ஒரு கரிமத் துகள் அதற்குப் பிறகு மண்ணுக்கு வந்ததா, முன்பே இருந்ததா என்பதை எங்களுக்குச் சொல்கிறது.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில்: மட்குதல் என்ற நிகழ்வு உண்மை, தொழு உரத்தின் பயனும் உண்மை. எதனால் நிலைக்கிறது என்பதற்கான விளக்கம்தான் மாறியிருக்கிறது. நுண்ணுயிர் எட்ட முடியாத நுண்துளைக்குள் சிக்கியதா, களிமண் பரப்பில் ஒட்டியதா, ஆக்சிஜன் இல்லாத ஈரத்தில் கிடக்கிறதா, உறைந்து கிடக்கிறதா என்பவையே கரிமத்தின் ஆயுளை முடிவு செய்கின்றன. மாணவர்களுக்கு இப்படிச் சொல்லிக்கொடுங்கள். ‘சிதையாத பொருள்’ என்ற தொடரை மட்டும் விட்டுவிடலாம்.

ஒரு பலம் புழுதி கால் பலம் ஆகும்படி நிலத்தைக் காயவிட்டால் ஒரு பிடி எருவும் வேண்டாம் என்று திருக்குறள் (1037) சொல்கிறது. மண் அறிவியல் இதை ஏற்கிறதா?
– ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

இந்தக் கேள்வி வந்ததில் எனக்குப் பெரும் மகிழ்ச்சி. எடைக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. நன்றாக உழுது நன்றாகக் காயவிட வேண்டும் என்பதை அழுத்திச் சொல்வதாகக் கொண்டால், அதன் பின்னால் மெய்யான ஒரு நிகழ்வு இருக்கிறது. கிழக்கு ஆப்பிரிக்காவில் பணியாற்றிய ஹெச். எஃப். பர்ச் என்ற ஆய்வாளர் 1958-இல் அதை விரிவாக அளந்து வெளியிட்டதால், துறையில் அது பர்ச் விளைவு என்றே அழைக்கப்படுகிறது.

மண் காயும்போது நுண்ணுயிர்களில் ஒரு பகுதி மடிகிறது. பிழைத்தவை வறட்சியைத் தாங்குவதற்காகத் தம் செல்லுக்குள் கரைபொருள்களைச் சேர்த்துவைக்கின்றன. மண்கட்டிகள் வெடித்து, உள்ளே அடைபட்டிருந்த கரிமம் வெளிப்படுகிறது. இந்த நிலையில் மழை விழுந்தால், மடிந்த உயிர்களும் வெளிப்பட்ட கரிமமும் ஒரே நேரத்தில் உணவாகக் கிடைக்க, சில மணி நேரத்துக்குள் மண்ணின் சுவாசம், அதாவது நுண்ணுயிர்கள் வெளிவிடும் கரியமில வாயு, பல மடங்கு உயர்கிறது. கரிமத்தோடு பிணைந்திருந்த தழைச்சத்து, பயிர் எடுத்துக்கொள்ளும் வடிவத்தில் வெளியேறுகிறது. விதைத்த பயிருக்கு அது எரு இட்டதைப் போலவே பயன்படும்.

ஆனால் இது சேமிப்பிலிருந்து எடுத்துச் செலவிடுவது. புதிதாக வரவு ஏதும் இதில் இல்லை. ஆண்டுதோறும் உழுதும் உலர்த்தியும் எடுத்துக்கொண்டே இருந்தால் கரிமம் குறையும், அதோடு அடுத்த ஆண்டு வெளிவரும் தழைச்சத்தும் குறையும். அடுத்த குறளே, ஏர் உழுவதை விட எரு இடுதல் நன்று என்கிறது என்பதை நீங்கள் என்னை விட நன்றாக அறிவீர்கள். இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது கிடைக்கும் அறிவுரைக்கு எங்கள் அளவீடுகளில் முழு ஆதரவு உண்டு.

நிலத்தில் கரிமத்தைச் சேர்த்தால் பணம் தருவதாகச் சில நிறுவனங்கள் சொல்கின்றன. மூன்று ஆண்டில் கரிமம் கூடியதை அளந்து காட்ட முடியுமா?
– உழவர்

பெரும்பாலான நிலங்களில், நம்பத்தக்க வகையில், முடியாது. ஏன் என்பதை நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு ஹெக்டேரில் 30 சென்டிமீட்டர் ஆழம் வரை உள்ள மண்ணின் கன அளவு 3,000 கன மீட்டர். ஒரு கன மீட்டர் மண் 1.3 டன் எடை என்று வைத்தால் மொத்தம் 3,900 டன். அதில் கரிமம் 1 சதவீதம் என்றால் 39 டன். நல்ல பராமரிப்பில் ஆண்டுக்கு 0.4 டன் கூடுகிறது என்று கொள்வோம். பலரும் மகிழ்ச்சியோடு ஏற்கும் வேகம்தான் அது. மூன்று ஆண்டில் 1.2 டன். அதாவது 1 சதவீதம் என்பது ஏறத்தாழ 1.03 ஆகிறது. ஒரே வயலில் பத்தடி தள்ளி எடுத்த இரண்டு மாதிரிகளுக்கு இடையிலேயே இதை விடப் பல மடங்கு வேறுபாடு இருக்கும். எத்தனை நல்ல கருவி இருந்தாலும், நிலத்தின் இந்த வேறுபாட்டை அது நீக்கித் தராது. மாதிரிகளை மிகுதியாக எடுக்க வேண்டும், அல்லது பத்து ஆண்டு காத்திருக்க வேண்டும்.

இதில் இரண்டு பொறிகளும் உண்டு. உழவைக் குறைத்தால் மண் சற்று இறுகும். இறுகிய மண்ணில் அதே 30 சென்டிமீட்டருக்குள் கூடுதல் மண் அடங்குவதால், கரிமம் கூடாமலே கூடியது போலத் தெரியும். ஆழத்தை மட்டும் வைத்து ஒப்பிடாமல், சம எடை மண்ணை ஒப்பிட வேண்டும். அடுத்து, உழாத நிலத்தில் கரிமம் மேற்பரப்பில் திரளும், உழுத நிலத்தில் கீழ்வரை கலந்திருக்கும். மேலாக மட்டும் மாதிரி எடுத்தால் உழாத நிலம் வென்றது போலத் தோன்றும், ஆழமாக எடுத்தால் அந்த வேறுபாடு பல இடங்களில் சுருங்கிவிடும். ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன், எந்த ஆழம் வரை எடுப்பார்கள், மண்ணின் அடர்த்தியை அளப்பார்களா, எத்தனை இடங்களில் எடுப்பார்கள் என்று மூன்று கேள்விகளையும் கேளுங்கள்.

அதற்காகக் கரிமத்தைச் சேர்ப்பது வீண் வேலை என்று நினைத்துவிட வேண்டாம். நீர்ப்பிடிப்பும் மண்ணின் பொலபொலப்பும் அந்தப் பணத்தை விட உங்கள் நிலத்துக்கு முக்கியமானவை. உலக அளவில் பார்த்தாலும் மேல் ஒரு மீட்டர் மண்ணில் சுமார் 1.5 லட்சம் கோடி டன் கரிமம் இருக்கிறது. வளிமண்டலத்தில் உள்ளதை விட அது அதிகம். அதில் சிறு பங்கு காற்றுக்குப் போனாலும் விளைவு பெரிது. இருப்பதை இழக்காமல் காப்பதற்கும் பணம் தரும் திட்டங்கள் வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

யூரியா இட்டதில் பாதிதான் பயிருக்குப் போகிறதாமே, மீதி என்ன ஆகிறது?
– வேளாண் இடுபொருள் விற்பனையாளர்

உலகச் சராசரி ஏறத்தாழ அப்படித்தான். மீதியில் ஒரு பகுதி அம்மோனியாவாக ஆவியாகிறது, ஒரு பகுதி நைட்ரேட்டாக நிலத்தடி நீருக்கு இறங்குகிறது, ஒரு பகுதி மண்ணின் கரிமப் பொருளில் சேர்கிறது, ஒரு பகுதி நுண்ணுயிர்களால் நைட்ரஜன் வாயுவாகவும் நைட்ரஸ் ஆக்சைடாகவும் மாறுகிறது. கடைசியில் சொன்னது அளவில் சிறியது. ஆயினும் நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவை விட ஏறத்தாழ 270 மடங்கு புவியைச் சூடாக்குவது.

அந்த வாயுவைப் பிடித்து அளப்பது எங்கள் துறையின் கடினமான வேலைகளில் ஒன்று. வயல் முழுவதும் சீராக அது வெளிவருவதில்லை. 1987-இல் திமோதி பார்கின் வெளியிட்ட ஆய்வில், மண் உருளை ஒன்றின் வாயு உற்பத்தியில் பெரும்பகுதி அதற்குள் கிடந்த ஒரே ஓர் அழுகும் இலையைச் சுற்றி நடந்தது. ஈரம் மிகுந்து, ஆக்சிஜன் தீர்ந்து, நைட்ரேட்டும் கரிமமும் ஒருசேர இருக்கும் புள்ளிகளில்தான் இது நிகழ்கிறது. ஆகையால் உங்களிடம் உரம் வாங்க வருகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது, பெருமழை எதிர்பார்க்கும் நாளில் மொத்தமாக இடாமல், பயிர் எடுக்கும் காலத்தில் பிரித்து இடுங்கள் என்பதே.

இத்துறையில் நீங்கள் முன்மாதிரியாகக் கருதும் ஆய்வாளர் யார்? அவருடைய பணியிலிருந்து எங்களுக்கு ஒன்றைச் சொல்ல முடியுமா?
– கல்லூரி மாணவர்

பலர் உண்டு. இப்போது நினைவுக்கு வருபவர் அஸ்மெரெட் அசெஃபாவ் பெர்ஹே. எரித்திரியாவில் பிறந்து, அஸ்மாரா பல்கலைக்கழகத்தில் மண், நீர்ப் பாதுகாப்பைப் படித்து, பின்னர் அமெரிக்காவில் முனைவர் பட்டம் பெற்றவர். போர்க் கண்ணிவெடிகள் நிலத்தை எப்படிச் சீரழிக்கின்றன என்பதையும் ஆராய்ந்திருக்கிறார். 2022 முதல் 2024 வரை அமெரிக்க எரிசக்தித் துறையின் அறிவியல் அலுவலகத்துக்குத் தலைமை வகித்தார். மண்ணைப் படித்த ஒருவர் இயற்பியல் ஆய்வகங்கள் பலவற்றுக்கு நிதி வழங்கும் பொறுப்பில் அமர்ந்தது எங்கள் துறைக்கே பெருமை.

அவருடைய முக்கியமான ஆய்வு மண்ணரிப்பைப் பற்றியது. மேட்டு நிலத்து மண் அரித்துப் போனால் அதிலுள்ள கரிமம் எல்லாம் காற்றுக்குப் போய்விடும் என்று எண்ணத் தோன்றும். அவரும் அவருடன் பணியாற்றியவர்களும் மண் போய்ச் சேரும் இடத்தைப் பின்தொடர்ந்தனர். அரித்த மண்ணில் பெரும்பகுதி நெடுந்தொலைவு போவதில்லை. சரிவின் அடிவாரத்திலும் பள்ளத்திலும் படிகிறது. மேலும் மேலும் படிவதால் பழைய கரிமம் ஆழத்தில் புதைந்து, சிதைவிலிருந்து ஓரளவு காக்கப்படுகிறது. மேட்டில் புதிதாக வெளிப்பட்ட அடிமண்ணின் கனிமப் பரப்புகளில் புதிய கரிமம் ஒட்ட இடம் கிடைக்கிறது. இந்த இரண்டையும் கூட்டினால் சில நிலப்பரப்புகளில் அரிப்பே கரிமத்தைச் சேர்க்கும் காரணியாக ஆகிவிடுகிறது. அரிப்பு நல்லது என்று இதற்குப் பொருளில்லை. மேட்டு நிலத்து உழவருக்கு ஏற்படும் இழப்பு இழப்புதான். கரிமம் இருக்கும் இடம் அதன் ஆயுளைத் தீர்மானிக்கிறது என்று முன்பு சொன்னது, ஒரு குழாய் அளவில் மட்டுமல்ல, ஒரு மலைச்சரிவின் அளவிலும் பொருந்துகிறது என்பதை அவருடைய பணியில் காணலாம்.

கணினி மாதிரிகள் இருக்கும்போது குழி தோண்டுவது இன்னும் தேவையா?
– மென்பொருள் பொறியாளர்

தேவை. பழைய மாதிரிகள் கரிமத்தை வேகமாகச் சிதைவது, மெதுவாகச் சிதைவது, அசையாதது என்று கற்பனைப் பெட்டிகளாகப் பிரித்தன. அந்தப் பெட்டிகளை மண்ணிலிருந்து எடுத்து அளக்க முடியாது. இப்போது எழுதப்படும் மாதிரிகள், மிதக்கும் பகுதி, கனிமத்தோடு ஒட்டிய பகுதி என்று அளக்கக்கூடியவற்றை வைத்து அமைகின்றன. அந்த எண்களைத் தருவது குழிதான். உங்களைப் போன்றோர் எங்களோடு சேர்ந்தால் இருவருக்கும் நன்மை.

அடுத்த ஆண்டு மண் உயிர்ப்புவி வேதியியலில் முனைவர் பட்ட ஆய்வில் சேரப்போகிறேன். முதலில் எதைக் கற்றுக்கொள்ள வேண்டும்?
– முதுகலை மாணவி

புள்ளியியலைக் கற்றுக்கொள்ளுங்கள், மண் எடுக்கக் கிளம்புவதற்கு முன்பே கற்றுக்கொள்ளுங்கள், எடுத்துவந்த பிறகு அல்ல. ஒரே வயலில் பத்துக் குழி தோண்டினால் அது ஒரு வயலைப் பற்றிய பத்து அளவீடுகள்தான். பத்து வயல்களைப் பற்றிய செய்தி ஆகாது. இந்த ஒரு வேறுபாட்டைத் தெளிவாக உணர்ந்தவர்களின் ஆய்வு நிற்கிறது. கருவிகளைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், அணுக்களையும் மூலக்கூறுகளையும் நிறைப்படி பிரித்து அளக்கும் நிறை நிறமாலைமானியை இயக்கச் சில மாதங்களில் பழகிவிடலாம். விரலில் ஈரமண்ணைத் தேய்த்து மணல், வண்டல், களி மூன்றும் எந்த அளவில் உள்ளன என்று சொல்வதற்கும், துருப்பிடித்த புள்ளிகளைப் பார்த்து நீர் எந்த ஆழம் வரை ஏறி இறங்குகிறது என்று கணிப்பதற்கும் பல பருவங்கள் ஆகும். அதற்கு நல்ல ஆசானோடு குழிகளில் இறங்குவதைத் தவிர வேறு வழியில்லை.

ஆய்வுத் திட்டங்களுக்குப் பெரும்பாலும் மூன்று அல்லது ஐந்து ஆண்டுக்கு நிதி கிடைக்கிறது. மண்ணின் மாற்றங்களோ பல பத்தாண்டுகளில் நிகழ்கின்றன. இந்த இடைவெளியை என்ன செய்வது என்பதுதான் உங்கள் பணிக்காலம் முழுவதும் உடன்வரும் சிக்கல். இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட்டில் ஜான் பென்னட் லாஸும் ஜோசஃப் ஹென்றி கில்பர்ட்டும் 1843-இல் தொடங்கிய பிராட்பாக் கோதுமைச் சோதனை இன்றும் நடக்கிறது. அங்கே ஆண்டுதோறும் தொழு உரம் பெற்ற பாத்தியில், உரமே பெறாத பாத்தியை விட இரு மடங்குக்கும் மேலான கரிமம் இன்று இருக்கிறது. முதலில் விரைவாகக் கூடியது, பிறகு ஏற்றம் மெல்ல மெல்லத் தணிந்தது. ஐந்து ஆண்டில் முடித்திருந்தால் அந்த வளைவின் பாதியைக் கூடக் கண்டிருக்க முடியாது. அவர்கள் மண்ணையும் தானியத்தையும் வைக்கோலையும் உலர்த்திப் பாட்டில்களில் அடைத்து வைக்கத் தொடங்கியதால், மூன்று லட்சம் மாதிரிகள் அங்கே சேர்ந்திருக்கின்றன. காட்மியம், டையாக்சின் போன்ற மாசுகள் எப்போது மண்ணில் ஏறத் தொடங்கின என்று பின்னாளில் கேட்டவர்களுக்கு அந்தப் பாட்டில்களிலிருந்து விடை கிடைத்தது. அடைத்து வைத்தவர்களின் காலத்தில் அந்தக் கேள்வியே எழுந்திருக்கவில்லை.

எனவே சேரும் ஆய்வகத்தில் முதல் மாதத்திலேயே பழைய மாதிரிகள் எங்கே இருக்கின்றன, அவற்றுக்குப் பட்டியல் உண்டா என்று கேளுங்கள். யாரோ இருபது ஆண்டுக்கு முன் எடுத்த மண்ணும், எடுத்த இடத்தின் துல்லியமான குறிப்பும் கிடைத்தால், அதே இடத்தில் மறுபடி மாதிரி எடுத்து உங்கள் மூன்று ஆண்டுத் திட்டத்தை இருபது ஆண்டு ஆய்வாக மாற்றிவிடலாம். நீங்கள் எடுக்கும் மாதிரிகளிலும் ஒரு பங்கை உலர்த்தி, இடம், ஆழம், நாள், நிலப் பயன்பாடு, எடுத்த முறை ஆகிய ஐந்தையும் பென்சிலால் எழுதிய சீட்டை உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக வைத்து மூடுங்கள். மை ஈரத்தில் அழிந்துவிடும், பென்சில் எழுத்து அழியாது.